படிப்புக்கு விலை குறைந்த டேப்லெட் போதுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டேப்லெட் வாங்க வேண்டும். பாடநூல்களை பிடிஎஃபில் படிப்பாள், வீடியோ வகுப்பு பார்ப்பாள். பெயர் பெற்ற நிறுவனங்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்த இரண்டு வேலைக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். போனின் சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் திரை. இந்த விலையில் பெரும்பாலும் 1280×800 திரைதான் வரும், அதாவது நீளவாக்கில் 1280, குறுக்கே 800 புள்ளிகள். 10 அங்குலத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகள். வீடியோவுக்குப் போதும். ஆனால் வேதியியல் சமன்பாட்டின் கீழெழுத்தும் கணக்கின் அடுக்குக்குறியும் மங்கலாகத் தெரியும். பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியிருக்கும். 1920×1200 திரையில் அங்குலத்துக்கான புள்ளிகள் 220-ஐத் தாண்டும். தினமும் மணிக்கணக்கில் படிக்கப்போகிற பிள்ளைக்கு இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

அடுத்து ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். பெட்டியில் கொட்டை எழுத்தில் 8 ஜிபி என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் 3+5 என்று இருக்கும். அந்த 5 உண்மையான ரேம் அல்ல, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகம் மிகக் குறைவு. அசல் ரேம் 4 ஜிபியாவது வேண்டும். சேமிப்பிடம் 64 ஜிபிக்குக் குறையக் கூடாது. 32 ஜிபியில் ஆண்ட்ராய்டே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் நிரம்ப நிரம்ப, புதிதாக எழுதுவதற்கு முன் பழையதை அழித்து இடம் ஒதுக்கும் வேலை கூடும். வாங்கியபோது நன்றாக ஓடிய டேப்லெட் சில மாதங்களில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெமரி கார்டு போட்டால் புத்தகங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றிவிடலாம். செயலிகள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

பலரும் பார்க்காமல் விடுவது அப்டேட். செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் அந்த நிறுவனம் இனி கவனிக்கும் என்று நம்ப வேண்டாம். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'சான்றளிக்கப்பட்ட சாதனம்' (கூகுளின் ஒப்புதல் பெற்றது) என்று வருகிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரியாத சில மலிவுச் சாதனங்களில் தீங்கு நிரல் தொழிற்சாலையிலேயே ஏறி வந்த சம்பவங்கள் உண்டு. எப்படியானாலும் வங்கிச் செயலியை இதில் போடாதீர்கள்.

கேமரா சுமாராகத்தான் இருக்கும், சார்ஜ் ஏற நேரமாகும். படிப்புக்கு இரண்டும் பெரிய தடை இல்லை.

என்னைக் கேட்டால், அதே பணத்துக்கு நல்ல நிறுவனத்தின் இரண்டு வருடப் பழைய டேப்லெட் உத்தரவாதத்தோடு கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். பேட்டரி எப்படி இருக்கிறது, அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அவளுடைய வகுப்புச் செயலியைப் போட்டு, வகுப்பு ஓடும்போதே பெரிய பாடநூல் ஒன்றைத் திறந்து பக்கங்களைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் விட்டுவிட்டு வந்தாலோ பக்கம் வெள்ளையாக நின்றாலோ யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.