டெபிட் கார்டை பிளாக் செய்தும் பணம் பிடிக்கிறார்களே, ஏன்?

கேள்வி: செட்டிநாட்டில், காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். மாவு அரைக்கும் மெஷினுக்கு ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருக்கிறேன். மாதத் தவணை 2,340 ரூபாய். மகன் போட்டுக்கொடுத்த ஓடிடி சந்தாவும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது. போன மாதம் தவணை போகவில்லை, ஆனால் இரண்டு முறை 590 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். இந்த மாதம் கணக்கு மைனஸில் நிற்கிறது. டெபிட் கார்டை பிளாக் செய்துவிட்டேன், அப்படியும் நிற்கவில்லை. நான் ஓவர்டிராஃப்ட் கேட்கவே இல்லையே?

பதில்: நீங்கள் கேட்கவில்லை, வங்கியும் தரவில்லை. சில வெளிநாட்டு வங்கிகள் கணக்கில் பணம் குறைந்தாலும் தவணையைக் கட்டிவிடும். அப்படிக் கட்டியதற்கு ஒரு கட்டணம் போடும். ஓவர்டிராஃப்ட் கட்டணம் என்பது அதுதான். நம் சேமிப்புக் கணக்கில் நடப்பது வேறு. பணம் போதவில்லை என்றால் வங்கி தவணையைத் திருப்பி அனுப்பிவிடும், அப்படித் திருப்பியதற்குக் கட்டணம் பிடிக்கும். உங்கள் 590 ரூபாயைப் பிரித்தால் 500 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். கட்டணம் 250 என்று வைத்திருக்கும் வங்கியில் இதுவே 295 என்று வரும். மைனஸில் தெரிவது பிடிக்கப் பணமில்லாமல் பாக்கி நிற்கும் கட்டணம்.

கார்டை பிளாக் செய்தும் ஏன் நிற்கவில்லை? கடன் வாங்கும்போது உங்கள் போனில் டெபிட் கார்டு எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்திருப்பீர்கள். அதனால் தவணை கார்டில் போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கே கார்டு, கையெழுத்துக்குப் பதிலாக, நீங்கள்தான் ஒப்புதல் தருகிறீர்கள் என்று உறுதி செய்வதற்கு மட்டும் பயன்பட்டது. மாதாமாதம் தவணையைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதல் உங்கள் வங்கிக் கணக்கின் மேல் பதிவாகியிருக்கிறது. இதற்கு நாச் மேண்டேட் என்று பெயர், நடத்துவது என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடா கழகம். கார்டு காலாவதியானாலும் தொலைந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பாஸ்புக்கில் 590க்கு மேலேயோ கீழேயோ ஏசிஹெச் அல்லது நாச் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விஷயம் இதுதான்.

இரண்டு முறை பிடித்தது எப்படி என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் மாட்டுவது இங்கேதான். தவணை தேதியில் கணக்கில் 1,900 ரூபாய் இருந்தது என்று வையுங்கள். 440 ரூபாய் குறைகிறது. தவணை திரும்புகிறது, 590 போகிறது, மிச்சம் 1,310. நீங்கள் குறைந்ததை மட்டும் நினைத்து மறுநாள் 500 ரூபாய் போடுகிறீர்கள். உங்கள் மனக்கணக்கில் 2,400, தவணைக்குப் போதும். கணக்கில் இருப்பதோ 1,810. நிதி நிறுவனம் சில நாள் கழித்து மறுபடி அதே தவணையைக் கேட்டு அனுப்புகிறது. மறுபடி திரும்புகிறது, மறுபடி 590. ஆக 440 ரூபாய் குறைந்ததற்கு 1,180 ரூபாய் போய்விட்டது, தவணையோ இன்னும் கட்டப்படவே இல்லை. இதற்கு மேல் நிதி நிறுவனமும் தவணை திரும்பியதற்காகத் தன் பங்குக்கு பவுன்ஸ் சார்ஜ் போடும். எவ்வளவு என்பது கடன் ஒப்பந்தத்தில் இருக்கும்.

அதனால் இப்போது கணக்கில் பணம் போடுவதற்கு முன்பு நிதி நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பாக்கித் தவணையை யூபிஐ மூலமோ அவர்கள் அனுப்பும் லிங்க் மூலமோ நேரடியாகக் கட்டுவதாகச் சொல்லி, இந்த மாதத்துக்கு மேண்டேட்டை மறுபடி அனுப்ப வேண்டாம் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவையுங்கள். அப்புறம் வங்கிக்குப் போய் பாக்கிக் கட்டணம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்கள். நீங்கள் போடுகிற பணத்தில் வங்கி முதலில் எடுத்துக்கொள்வது அதன் பாக்கியைத்தான்.

வெறுத்துப்போய் மேண்டேட்டையே ரத்து செய்துவிடலாம் என்று தோன்றும். வங்கியில் எழுதிக் கொடுத்தால் செய்வார்கள். ஆனால் கடன் தவணை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மேண்டேட் போனாலும் கடன் போகாது. போதிய பணமில்லாமல் மின்னணுத் தவணை திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி செக் பவுன்ஸ் போன்றதுதான்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால்தான் வழக்குக்குப் போக முடியும். பயமுறுத்தச் சொல்லவில்லை, நோட்டீஸ் வந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது.

தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்வது இதைவிடப் பயனுள்ளது. உங்களைப் போல முகூர்த்த மாதங்களில் தேன்குழலும் மாவுருண்டையும் கூடை கூடையாகப் போய், ஆடியிலும் மார்கழியிலும் வியாபாரம் படுத்துவிடும் தொழிலில், மாதம் 5ஆம் தேதி என்பது சம்பளக்காரர்களுக்காக வைத்த தேதி. உங்களுக்கு எந்த வாரத்தில் கையில் பணம் புரள்கிறதோ அதற்கு அடுத்து வரும் தேதியைக் கேளுங்கள். கட்டாயம் தருவார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். எந்தத் தேதியானாலும் பணத்தை முந்தின நாளே போட்டுவிடுங்கள். மேண்டேட் காலையிலேயே வந்து நிற்கும். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் ஓடுகிறது. பொங்கலுக்கு வங்கி பூட்டியிருக்கிறது என்று இருந்துவிட முடியாது.

ஓடிடி சந்தா வேறு வகை. அது நிஜமாகவே கார்டில் போவது. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, யாருக்கு, எவ்வளவு என்று வங்கி தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அதிலேயே வழியும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கார்டை பிளாக் செய்ததும் இது நின்றிருக்கும். சந்தாவை யூபிஐயில் போட்டிருந்தால் நிற்காது. யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்த முன்தகவல் பலருக்குக் கண்ணிலேயே படுவதில்லை. கணக்கு தொடங்கும்போது கொடுத்த எண் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளையுடையதாக இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மாக இருக்கும். பணம் இங்கே பிடிபட, செய்தி அங்கே போய்க்கொண்டிருக்கும். கிளைக்குப் போகிற அன்றே உங்கள் எண்ணைக் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

பிடித்த 1,180 திரும்பக் கிடைக்குமா? தவணை திரும்பியதற்கான கட்டணம் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருந்தால் அதைத் திரும்பப் பெறுவது உங்கள் உரிமையாகாது, மேலாளரின் மனம்தான். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். ஒரே தவணைக்கு இரண்டு முறை என்பதைச் சுட்டிக்காட்டினால் ஒன்றையாவது விட்டுக்கொடுக்க வாய்ப்பு உண்டு. அந்த மைனஸில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம் ஏதாவது கலந்திருந்தால் கதை வேறு. அந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த இடத்தில் கெஞ்ச வேண்டியதில்லை, கேட்டு வாங்கலாம். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

1937இல் ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) தொடங்கியபோதே சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள். பேரேடு இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. உங்கள் வரவு செலவு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, எதெல்லாம் தானாகப் போகிறது, எந்தத் தேதியில், எந்த வழியில் என்று எழுதிவையுங்கள். முடிந்தால் தவணைகளுக்கென்று இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு போதும். அதை வேறு வங்கியில் தொடங்குங்கள், ஏனென்றால் ஒரே வங்கியில் அதோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தில் 436, 20 என்ற இரண்டு எண்களையும் மறக்காமல் சேருங்கள். பிரதமரின் ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு இரண்டிலும் சேர்ந்திருந்தால், மே மாதக் கடைசியில் அவற்றின் ஆண்டு பிரீமியமாக இந்த 436 ரூபாயும் 20 ரூபாயும் சத்தமில்லாமல் போகும். ஜூன் தவணைக்கு 456 ரூபாய் குறைவது பலருக்கு இதனால்தான்.