கடனுக்கு முன் யாரிடம் ஆலோசனை கேட்பது?

கேள்வி: நான் ஒரு பெண். கோத்தகிரியில் சில ஆண்டுகளாக வீட்டிலேயே சாக்லேட் செய்து ஊட்டி, குன்னூர் கடைகளுக்குப் போட்டு வருகிறேன். சில கடைகளில் பாக்கி நிற்கிறது. மிஷின் வாங்க வங்கிக் கடன் வேண்டும். உத்யம் பதிவுக்கும் திட்ட அறிக்கைக்கும் சேர்த்து ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். இலவசமாக வழிகாட்ட யாராவது உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் எண் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். அரசுத் தளம் போலவே காட்டிக் காசு வாங்கும் தளங்களும் இருக்கின்றன, கவனம்.

நேராக ஊட்டியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். மானியம் எவ்வளவு என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். "ஏற்கெனவே தொழில் நடக்கிறது, எனக்கு எந்தத் திட்டம் பொருந்தும்?" என்று கேளுங்கள். பலர் இடறுவது இங்கேதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது புதுத் தொழிலுக்கு. பழைய தொழிலைப் புதிதாகக் காட்டலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வுக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது, உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020-இல் வந்த பிரதமர் திட்டம். நடக்கும் தொழிலுக்கும் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். திட்ட அறிக்கை, வங்கி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றிலும் கூடவே நின்று உதவ மாவட்ட வள நபர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவருக்கான தொகையை அரசே கொடுக்கிறது. இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

எந்த ஆலோசகருக்கும் உங்கள் கணக்கு நோட்டு வேண்டும். மலையில் சீசன் வியாபாரம் வேறு, மழைக்கால வியாபாரம் வேறு. மே மாத விற்பனையை 12-ஆல் பெருக்கிப் போட்ட திட்ட அறிக்கை வங்கியில் அழகாகத் தெரியும். ஜூலையில் தவணை கட்டும்போதுதான் அதன் வலி தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் வரவு செலவைத் தனித்தனியாக எழுதுங்கள். மிக மந்தமான மாதத்திலும் கட்ட முடிகிற தவணைதான் உங்களுக்கான கடன். இதை வேறு யாரும் உங்களுக்காகக் கணக்கிட முடியாது.

வீட்டுக்குப் பட்டா இல்லையே என்று கடன் கேட்கத் தயங்குகிறவர்கள் மலையில் நிறையப் பேர். குறு, சிறு தொழிலுக்கான 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேலாளரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கடைப் பாக்கிக்கும் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். இதற்கான அரசு இணையதளத்தில் நீங்களே புகார் பதியலாம். வழக்கறிஞர் தேவைப்பட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பதிவுக்கு முன்பு போட்ட சரக்குக்கு இந்த 45 நாள் உரிமையைக் கோருவதில் சிக்கல் வரும். ஆகவே அடுத்த லோடு போவதற்குள் உத்யம் பதிவை முடித்து, ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணைப் போடுங்கள்.