வீட்டுக்காரர் பில் கட்டவில்லை, எங்கள் தண்ணீரை நிறுத்துவார்களா?

கேள்வி: ஜூரோங் வெஸ்ட்டில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு வருட ஒப்பந்தம். நான் எம்பிளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். கூடவே மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. வாடகை 3,000 வெள்ளி. தண்ணீர், மின்சாரத்துக்கென்று மாதம் 200 வெள்ளி தனியாகக் கொடுக்கிறேன். எல்லாம் பேநவ் பணமாற்றத்தில் வீட்டுக்காரருக்கே போகிறது. தண்ணீர், மின்சாரத்துக்கான எஸ்பி கணக்கு அவர் பெயரில். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினார். பாக்கி 1,140 வெள்ளி, கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருக்கிறது. "நீங்கதானே தம்பி பயன்படுத்துனீங்க, நீங்களே கட்டிடுங்க" என்கிறார். மறுத்தேன். "அப்படின்னா காரிடார்ல இருக்கற வால்வை நானே மூடிடுவேன்" என்று குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். கடன் என் தலையில் விழுமா? அவர் மூடலாமா? கழிவறைக் குழாயையும் அடைத்துவிடுவார்களா என்று மனைவி பயப்படுகிறாள்.

பதில்: உங்கள் மனைவியின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சிங்கப்பூரில் கழிவுநீருக்குத் தனி இணைப்பு, தனி பில், தனித் துண்டிப்பு என்று வீட்டளவில் எதுவும் கிடையாது. எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்ததோ அந்த அளவை வைத்தே கழிவுநீர்க் கட்டணத்தையும் கணக்கிட்டு, தண்ணீர் பில்லிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். பாக்கி விழுந்தால் நிற்பது உள்ளே வரும் தண்ணீர்தான், வெளியே போகும் குழாய் அல்ல. ஆனால் தண்ணீர் நின்றுபோன வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, அதனால் இதை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

துண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தண்ணீர் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. அதன் சார்பில் பில் அனுப்பிப் பணம் வசூலிப்பது எஸ்பி சர்வீசஸ். மின்சாரம், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் ஒரே தாளில் வருவது இதனால்தான். பொதுப் பயனீட்டுச் சட்டம் பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்தும் அதிகாரத்தைக் கழகத்துக்குத் தருகிறது. பில், நினைவூட்டல், துண்டிப்பு நோட்டீஸ் என்று படிப்படியாக வந்த பிறகே ஆள் வருவார். துண்டித்தால் திரும்ப இணைக்கத் தனிக் கட்டணமும் உண்டு. வீட்டில் குழந்தை இருக்கிறது என்பது சட்டப்படி தடையாகாது. ஆனால் பேசித் தவணை கேட்கலாம், கொடுக்கிறார்கள். அதைக் கேட்க வேண்டியவர் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

உங்கள் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எஸ்பியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் வீட்டுக்காரர். பாக்கி அவருடைய கடன். "நீங்கதானே பயன்படுத்துனீங்க" என்பது பேச்சுக்கு நியாயமாகத் தோன்றும், எஸ்பி உங்கள் மேல் வழக்குப் போட அது போதாது. இந்தக் கடன் வீட்டோடு ஒட்டிக்கொள்வதும் இல்லை. சொத்து வரி அப்படியல்ல, கட்டாவிட்டால் அந்தச் சொத்தின் மீதே முதல் பொறுப்பாக ஏறிவிடும். எஸ்பி பாக்கி ஆளைத்தான் துரத்தும். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் மீட்டர் நீங்கள் குடியிருக்கும் வீட்டுடையது. கடன் அவருக்கு, வறண்ட குழாய் உங்களுக்கு என்பதுதான் நிலைமை. நீங்கள் வாடிக்கையாளர் இல்லை என்பதால், எஸ்பிக்குப் போன் போட்டுப் பாக்கி எவ்வளவு, எந்த மாதத்துடையது என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது.

அதனால் கேள்வியை வீட்டுக்காரரிடம் திருப்புங்கள். ஒன்பது மாதத்துக்கு 200 வீதம் 1,800 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள். அது எங்கே போனது? நோட்டீஸின் படம் போதாது. நீங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாத பில்லையும் கேளுங்கள். வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று பாருங்கள். நீங்கள் வருமுன் இருந்தவர் விட்டுப்போன பாக்கி இதில் ஒளிந்திருப்பது சாதாரணமாக நடப்பது. பிறகு தண்ணீர் பகுதிக்கு வாருங்கள். எத்தனை கன மீட்டர் என்று இருக்கும், அதன் கீழே தண்ணீர் சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம். மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் இந்த மூன்றும் சேர்ந்து கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று வைத்தால் மூன்று பேருக்கு மாதம் சுமார் 12.6 கன மீட்டர், அதாவது 41 வெள்ளி அளவில், வரியோடு 45-ஐத் தொடாது. பில்லின் பெரும்பகுதி மின்சாரமாகத்தான் இருக்கும். குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடுகிற வீடா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாதம் 200-க்கு மேல் நீங்கள் உண்மையாகவே பயன்படுத்தியிருந்தால், கூடுதலைத் தரவேண்டுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. "மாதம் 200 வெள்ளி, நிலையான தொகை" என்று எழுதியிருந்தால் கூடுதல் அவர் பாடு. "200 வரை, அதற்கு மேல் வாடகைதாரர்" என்று இருந்தால் வித்தியாசம் உங்களுடையது. எதுவுமே எழுதாமல் வாய்வார்த்தையாக இருந்தால் இத்தனை மாதம் நடந்துவந்த வழக்கமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் பேசும். ஊர்க்காரர் என்றால் ரசீது கேட்கக் கூச்சப்படுவது நம்மிடம் உள்ள பழக்கம். என் மேசைக்கு வரும் வாடகைத் தகராறுகளில் பாதி அந்தக் கூச்சத்தில் தொடங்கியவை.

இன்னொன்று. முழு வீட்டையும் வாடகைக்கு விட்ட பிறகும் சிலர் எஸ்பி கணக்கைத் தம் பெயரிலேயே பிடித்துவைப்பதற்கு, வீவக வீடுகளின் தண்ணீர், மின்சார பில்லுக்கு அரசு தரும் யூ-சேவ் தள்ளுபடி ஒரு காரணம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் அது கணக்கில் வரவாகும். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்போரில் குறைந்தது ஒரு சிங்கப்பூரர் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இதற்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கணக்கை மாற்றச் சொன்னால் ஏன் தயங்குகிறார் என்று யோசிக்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

வால்வு விஷயத்துக்கு வருகிறேன். மூடக்கூடாது. கழகத்துக்கு இருக்கும் அதிகாரம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டவர், எடுத்தவர் அந்த வீட்டை இடையூறில்லாமல் அனுபவிக்க விடவேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. தண்ணீரை நிறுத்தி ஆளைப் பணிய வைப்பது அதை நேராக மீறுவது. நீங்கள் வாடகையே பாக்கி வைத்திருந்தால்கூட அவருக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது: 1934-ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்குப் போய், 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்ற உத்தரவு வாங்கலாம். காரிடாரில் ஸ்பேனரோடு நிற்பது அந்த வழிகளில் ஒன்றல்ல. மூடிவிட்டு வாசலில் நின்று மிரட்டுவது, திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பி அச்சுறுத்துவது என்று போனால் 2014-இன் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்கென்றே 2021 ஜூனிலிருந்து தனி நீதிமன்றம் இருக்கிறது. மக்கள் குடிக்கும் நீரின் வரத்து குறையும்படி கேடு விளைவிப்பது தண்டனைச் சட்டத்திலும் குற்றம்தான், ஆனால் ஒரு வால்வைத் திருப்பியதை மட்டும் காட்டி அதை நிரூபிப்பது எளிதல்ல. போலீஸில் புகார் கொடுத்துப் பதிவு செய்துவையுங்கள், அதைத் தாண்டி அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் குரல்செய்தியை அழிக்காதீர்கள். போன் மாற்றினாலும் தொலையாதபடி இன்னோர் இடத்தில் சேமியுங்கள்.

உங்கள் பக்கம் ஓர் எச்சரிக்கை. எஸ்பி ஆள் வந்து முறையாகத் துண்டித்தால், மீட்டரிலோ முத்திரையிலோ நீங்களும் கை வைக்கக்கூடாது. தெரிந்த பிளம்பரைக் கூட்டிவந்து "லேசாகத் திறந்துவிடுவது" குற்றம். அதோடு இன்றுவரை அவர் தவறாக இருந்தது நாளை உங்கள் தவறாகிவிடும். வீட்டுக்காரர் மூடியது வேறு: கழகத்தின் முத்திரை எதுவும் உடைபடாமல் சாதாரணமாகத் திருப்பிய வால்வு என்றால், முதலில் படம் எடுத்துவிட்டுத் திறந்துகொள்ளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டிய முக்கியமான வேலை, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது. வாடகைதாரர் எஸ்பியில் தன் பெயரில் கணக்குத் தொடங்கலாம். வாடகை ஒப்பந்தம் வேண்டும், முன்பணம் கேட்பார்கள். வீட்டுக்காரர் தன் கணக்கை மூடச் சம்மதித்தால் வேலை சுலபம். அவர் இழுத்தடித்தால் ஒப்பந்தத்தோடு நீங்களே எஸ்பியிடம் போய், எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறீர்கள், துண்டிப்பு நோட்டீஸ் யார் பெயரில் வந்திருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். புதிய கணக்கு தொடங்கும் நாளின் மீட்டர் அளவைப் படம் எடுத்து வையுங்கள். பழைய பாக்கியை ஏற்கிறேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் 200 வெள்ளியை அன்றோடு நிறுத்துவதை வீட்டுக்காரரிடம் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் போதும்.

நோட்டீஸில் உள்ள தேதிக்குள் இது முடியாவிட்டால்? கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கணக்கு எண் இருந்தால் ஏஎக்ஸ்எஸ் கட்டண இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். கோபத்துக்கு இது ஒத்துவராது, தெரியும். ஆனால் 1,140 வெள்ளியைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டில் கழிக்கும் வாரத்தை ஈடுகட்ட வழி இல்லை. கட்டுமுன் அவருக்கு இப்படி ஒரு செய்தி போகட்டும்: "இந்த பாக்கி உங்களுடையது. இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க மட்டுமே உங்கள் சார்பில் கட்டுகிறேன். 14 நாளில் திருப்பித் தரவும். கடனை நான் ஏற்றுக்கொண்டதாக இதற்குப் பொருள் இல்லை." ரசீதையும் அனுப்பிவிடுங்கள். இந்தத் தொகையை அடுத்த வாடகையில் கழிக்கலாமா என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் "எந்தப் பிடித்தமும் இல்லாமல் வாடகை செலுத்த வேண்டும்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால் கழிக்காதீர்கள். வாடகை தராதவர் என்று உங்களைக் காட்ட அவருக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகும்.

திருப்பித் தரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தத் தகராறுகள் அங்கே செல்லும், 20,000 வெள்ளி வரை. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. விஷயம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, என் பிழைப்புக்குக் கெடுதல் என்றாலும் உங்களுக்கு லாபம். அந்த மன்றம் பணத்துக்குத் தீர்வு தரும். வால்வை மூடாதே என்று தடையுத்தரவு வேண்டுமானால் மேலே சொன்ன தொல்லைத் தடுப்பு நீதிமன்றத்தையோ மாவட்ட நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.

போகுமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா? சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் கட்டியிருக்க வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. உங்களுக்கு 72,000 வெள்ளிக்கு 288 வெள்ளி. வழக்கமாக இது வாடகைதாரர் பொறுப்பு. கட்டாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். தாமதமாகவும் கட்டலாம், அபராதம் உண்டு: மூன்று மாதத்துக்குள் என்றால் தீர்வைக்குச் சமமான தொகை, அதைத் தாண்டிவிட்டால் நான்கு மடங்கு. ஒன்பது மாதம் ஆகிவிட்ட நீங்கள் இரண்டாவது வகையில் வருவீர்கள், அது 1,140 வெள்ளி பாக்கியைவிடப் பெரிய தொகை. ஆகவே முத்திரைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இல்லை என்றால் எந்த வழக்கையும் தொடங்குமுன் என்னிடம் ஒருமுறை பேசுங்கள். வாடகைக்கு விட வீவகவின் அனுமதியை வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறாரா என்பதையும் வீவகவிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதி இல்லாத வீடு என்றால் கதையே வேறு.

இதே நிலையில், ஆனால் சொந்தக் கணக்கில் பாக்கி சேர்ந்துவிட்ட சிங்கப்பூர்க் குடும்பங்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் எஸ்பியிடம் தவணை கேட்கலாம், பக்கத்துச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. தொலைபேசி 1800-222-0000. தமிழில் பேசி விண்ணப்பிக்கத் தயங்குபவர்கள் பீட்டி சாலையில் உள்ள சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போனால் வழிகாட்டுவார்கள்.