சொந்தப் படகில் ஆற்று வழியாகக் கடலுக்குப் போய்க் கரையோரமாகப் பயணம் செய்ய, புறப்படும் முன் எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

எங்களுடையது டீசல் எஞ்சின் வைத்த சிறிய படகு. பல வருடம் ஆற்றிலேயே ஓட்டிப் பழகிய பிறகுதான் முகத்துவாரத்தைத் தாண்டினோம். என்னைக் கேட்டால், புறப்படும் நாளையும் மணியையும் அந்த முகத்துவாரத்திடமே விட்டுவிடுங்கள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் படிந்து ஆழம் குறைந்திருக்கும். வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், தண்ணீர் வேகமாக வெளியே ஓடும்போது கடல்காற்று எதிரே அடித்தால், அந்த மணல்மேட்டின் மேல் அலைகள் நெருக்கமாக, செங்குத்தாக எழுந்து உடையும். உள்ளே ஆறு குளம் மாதிரிக் கிடப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். கடல்மட்டம் ஏறும் ஏற்றம் முடியும் தறுவாயில், நீர் உச்சத்துக்கு வந்து நிற்கும்போது தாண்டுவது நல்லது. ஆழமும் இருக்கும், ஓட்டமும் தணிந்திருக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 7 மணிக்கு வந்தது நாளை 7.50 வாக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கடுமையாக இருக்கும். முதல் பயணத்தை அரை நிலா நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீசல் டேங்க். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆற்றில் ஒரு நாளும் தகராறு செய்யாத எஞ்சின், கடலுக்குள் போன அரை மணி நேரத்தில் இருமி நின்றுவிட்டது. அலையில் படகு ஆட, வருடக்கணக்கில் டேங்கின் அடியில் தங்கியிருந்த கசடும் தண்ணீரும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டன. உடனே நங்கூரம் போட்டதால் கரைப் பக்கம் ஒதுங்காமல் தப்பினோம். கையிலிருந்த ஒரே ஃபில்டரை மாற்றி, குழாயிலிருந்த காற்றை எடுத்துவிட்டுக் கிளப்பினால், அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. கடைசியில் இன்னொரு படகுதான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. புறப்படுவதற்குப் பல நாள் முன்பே டேங்கைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். ஃபில்டர் மூன்று நான்காவது கையில் இருக்கட்டும். நங்கூரம் எப்போதும் உடனே போடும்படி தயாராக இருக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கிலும் ஆறு ஏமாற்றும். படகின் வேகம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்), ஓட்டம் 2 நாட் என்றால், போகும்போது 8, எதிர்த்துத் திரும்பும்போது 4. அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம். அதையும் கணக்கில் சேர்த்து, போக வர இரண்டுக்குமாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவாகாதபடி பார்த்து, மீதியைத் தொடாமல் வையுங்கள்.

அப்புறம், படகுப் பாதையின் இரு ஓரங்களையும் காட்டும் சிவப்பு பச்சை மிதவைகளின் பக்கம் கடலிலிருந்து உள்ளே வருபவருக்காக வகுக்கப்பட்டது. வெளியே போகும்போது அது மாறிவிடும். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்காமல், முகத்துவாரத்துக்கு முன்பே எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில், அவசர அழைப்புக்கான சேனல் 16 திறந்தே இருக்கட்டும்.

கரையில் நம்பகமான ஒருவரிடம் எந்த வழி, எத்தனை பேர், எப்போது சேருவோம், எந்த நேரத்துக்குள் அழைக்காவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். போய்ச் சேர்ந்து கயிறு கட்டியதும் முதல் அழைப்பு அவருக்குத்தான். அவர் அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.