ஒரே மேட்ச் எனக்கு மங்கலாகவும் அப்பாவுக்குத் தெளிவாகவும் தெரிவது ஏன்?

மொபைல் நெட்டில் லைவ் கிரிக்கெட் பார்க்கும்போது புல்தரை கட்டம் கட்டமாக உடைகிறது, பக்கத்தில் இருக்கும் அப்பாவோ "நல்லாத்தானே இருக்கு" என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதும் சரிதான். நீங்கள் பார்க்கும் இடம் வேறு, அவர் பார்க்கும் இடம் வேறு.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம், ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவுதான் நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு. கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவிப் பார்ப்பதால் முழுப் படமும் தெளிவாக இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அப்பாவின் கண் பந்தோடு போகிறது. கேமரா திரும்பும்போது புல்லின் நுணுக்கம் முழுவதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும், நொடிக்கு இவ்வளவு டேட்டாதான் என்ற பிட்ரேட்டுக்குள், வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்கோடரால் அதைத் தாங்க முடியாது, முதலில் அடிபடுவது புல்தான்.

சில வருடம் வீடியோவைச் சுருக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் வேலை பார்த்தேன். திரைக்குக் கீழே இன்ஃப்ராரெட் விளக்கும் கேமராவும் இருக்கும், கண்ணின் நடுவில் உள்ள பாவையையும் விழியில் விழும் ஒளிப்புள்ளியையும் வைத்து எங்கே பார்க்கிறோம் என்று கணக்கிடும். சும்மா பாருங்கள் என்றால் எல்லோர் பார்வையும் முகங்களில் நிற்கும், படத்தின் தரத்துக்கு 1 முதல் 5 வரை மார்க் போடுங்கள் என்றால் அதே ஆட்கள் ஓரங்களையும் பின்னணியையும் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். கண் அசைவை ஆராய்ந்த ரஷ்ய உளவியலாளர் யார்பஸ் இதை 1960களிலேயே காட்டினார்: ஓவியர் ரேப்பின் வரைந்த ஒரே ஓவியம், அதில் இருப்பவர்களின் வயதைக் கேட்டால் கண் முகங்களுக்குப் போனது, அவர்களின் பண வசதியைக் கேட்டால் மேசைக்கும் உடைக்கும் போனது. நீங்கள் இப்போது மார்க் போடுபவர் போலப் பார்க்கிறீர்கள்.

சரி, யாரும் பார்க்காத இடத்தில் பிட்டைக் குறைத்துவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓரப்பார்வைக்கு நுணுக்கம் தெரியாதே தவிர, அசைவும் மினுக்கலும் நன்றாகத் தெரியும். பின்னணியில் கட்டங்கள் துடித்தால் கண் பந்தை விட்டு அங்கே ஓடும், அப்புறம் மறுபடி மறுபடி அங்கேயே போகும். மூலப் படத்திலிருந்து எவ்வளவு மாறியது என்பதை எல்லா பிக்சலையும் சமமாக எண்ணிச் சொல்லும் பிஎஸ்என்ஆர் என்ற தர மதிப்பெண்ணுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட விமாஃப் என்ற தர மதிப்பெண், மனிதர்கள் போட்ட மார்க்கிலிருந்து கற்றது என்பதால் எவ்வளவோ மேல், ஆனாலும் நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று அதற்கும் தெரியாது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், உடைசல் குறைவாகத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் அந்தப் புல்லைக் காட்டிவிடாதீர்கள்.