கணவன் மனைவி இருவர் மட்டும் ஊர்விட்டு ஊர் பறக்க எந்தச் சின்ன விமானம் வாங்கலாம்?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். பைலட் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. நானும் மனைவியும் மட்டும் சான்டா ஃபே, கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று போய்வர பழைய விமானம் ஒன்று வாங்கும் எண்ணம். செஸ்னா 172, செஸ்னா 182, மூனி 201, சிரஸ் எஸ்.ஆர்.22 என நான்கைப் பார்த்து வைத்திருக்கிறேன். எது சரிவரும்?

பதில்: செஸ்னா 182. எழுபதுகளில் வந்த ஒன்று, ஒழுங்காகப் பராமரித்ததாகக் கிடைத்தால் போதும்.

சொல்பவள் பைலட் இல்லை. எங்கள் வீட்டில் ஓட்டுவது கணவர். நான் வலது சீட்டில் உட்கார்ந்து மேப் பார்ப்பவள், கிளம்பும் முன் எடைக் கணக்குப் போடுபவள். நாங்களும் டெக்சஸ்தான். நீங்கள் சொல்லும் நான்கிலும் பயணம் செய்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் மனைவி வருகிறார், அவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் வரவில்லை. அதனால் வலது சீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் வேகம், ஏனென்றால் ஆண்கள் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். டல்லாஸிலிருந்து சான்டா ஃபே ஏறக்குறைய 475 நாட்டிகல் மைல் (ஒரு நாட்டிகல் மைல் 1.85 கிலோமீட்டர்; மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் போனால் அது ஒரு நாட்). காற்றே இல்லாத நாளில் 110 நாட் ஓடும் 172-க்கு நாலேகால் மணி நேரம் சொச்சம். 135 நாட் ஓடும் 182-க்கு மூன்றரை. 155 ஓடும் மூனிக்கு மூன்று. 170 ஓடும் சிரஸுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மேற்கே போகும்போது பெரும்பாலும் எதிர்காற்றுதான். 25 நாட் எதிர்காற்று என்று வைத்து மறுபடி வகுத்துப் பாருங்கள்: 172 ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டிவிடும், 182 நாலே கால், மூனி மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, சிரஸ் மூன்றே கால். அதே காற்றுக்கு சிரஸ் இழப்பது அரை மணி நேரம், 172 இழப்பது ஒன்றே கால் மணி நேரம். மெதுவாகப் போகிற விமானத்தைத்தான் காற்று அதிகம் தண்டிக்கும். 172-ஐ நான் தள்ளுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்புறம், இவை எதிலும் கழிப்பறை கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியாது, பெரும்பாலான பேரால் முடியாது. ஆக எதிர்காற்று நாளில் மூனியில் போனாலும் ஒரு தடவை இறங்கத்தான் வேண்டும். டெக்சஸின் மேற்கே இருக்கும் லப்பக் ஊர் கிட்டத்தட்ட பாதி வழி. சின்ன ஏர்போர்ட்டுகள் பலவற்றில் பெட்ரோல் போட்டால் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வர ஒரு பழைய காரை இலவசமாகவே தருவார்கள். இறங்குவது என்று முடிவான பிறகு 182-க்கும் மூனிக்கும் உள்ள நாற்பது நிமிட வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விமானம் குலுங்குவது அதைவிட முக்கியம். 172, 182 இரண்டுக்கும் இறக்கைப் பரப்பு ஒன்றே, 174 சதுர அடி. ஆனால் முழு எடையில் 172 (எழுபதுகளின் கடைசி மாடல்) 2,300 பவுண்டு, 182 2,950 பவுண்டு. சதுர அடிக்கு 13 பவுண்டு, 17 பவுண்டு என்று வரும். மூனிக்கு 16 அளவில், சிரஸுக்கு 23-க்கு மேல். இந்த எண் கூடக்கூட வெயிலில் மேலே கிளம்பும் காற்று விமானத்தைத் தூக்கிப்போடுவது குறையும். வயிறு பிரட்டும் ஆட்களுக்கு இது வேகத்தைவிடப் பெரிய விஷயம். எந்த விமானமானாலும் கோடையில் காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

சான்டா ஃபே ரன்வே கடல் மட்டத்திலிருந்து 6,349 அடி உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் அங்கே காற்று கிட்டத்தட்ட 10,000 அடியில் இருப்பதுபோல மெலிந்துவிடும். 160 குதிரைத்திறன் உள்ள 172 அந்தச் சூட்டில் திணறித்தான் ஏறும். 182-இல் 230 இருக்கிறது. சுமையும் தாராளம்: பெரிய டேங்க் உள்ள மாடலில் பயன்படுத்தக்கூடிய 75 கேலனையும் நிரப்பினாலும் பெட்ரோலின் எடை 450 பவுண்டுதான். அதற்கு மேலும் இரண்டு பேர், பெட்டிகள், நான் விடாமல் தூக்கிவரும் குக்கர் எல்லாவற்றுக்கும் இடம் மிச்சம்.

மூனி அழகான விமானம், ஒரு மணி நேரத்துக்குப் பத்து கேலனில் அந்த வேகம் வேறு எதிலும் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் கதவு ஒன்றுதான், அதுவும் வலது பக்கம். பைலட் முதலில் உள்ளே நகர்ந்து போக வேண்டும், இறங்கும்போது நான் முதலில் வெளியேற வேண்டும். இறக்கைமேல் ஏறித்தான் கதவுக்குப் போக முடியும். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பட்டுச்சேலையோடு ஒரு முறை ஏறிப் பாருங்கள், தெரியும். 182-இல் இரண்டு பக்கமும் கதவு, தலைக்கு மேல் இறக்கை, அதனால் நிழல். அதோடு மூனியின் சக்கரம் உள்ளே மடங்குவது. புது லைசென்ஸ்காரருக்கு அதற்கு இன்சூரன்ஸ் என்ன கேட்பார்கள் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். 182-க்கும் தனி ஒப்புதல் வாங்க வேண்டும், 200 குதிரைத்திறனுக்கு மேல் என்பதால். அது பயிற்சியாளரோடு கொஞ்ச நேரம் பறந்தால் முடிந்துவிடும்.

சிரஸ்? பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நானே அதைத்தான் கேட்பேன். மேலே ஒரு கைப்பிடி, இழுத்தால் விமானம் முழுவதையும் பாராசூட் தாங்கி இறக்கும். பைலட்டுக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் இருப்பவரே இழுக்கலாம். அந்த நிம்மதிக்கு விலை உண்டு: பழையதுகூட 182-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாராசூட்டைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றி அடைக்க வேறு செலவு. எது வாங்கினாலும், பைலட் அல்லாத துணைக்கென்றே ஏ.ஓ.பி.ஏ. (அமெரிக்காவில் விமானம் வைத்திருப்பவர்கள், பைலட்டுகளின் சங்கம்) வைத்திருக்கும் 'பின்ச் ஹிட்டர்' பாடத்தை உங்கள் மனைவி படிக்கட்டும். ரேடியோவில் உதவி கேட்கவும் விமானத்தை நேராகப் பிடிக்கவும் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

182-இல் பார்க்க வேண்டியவை: அதற்கு மூக்கு கனம். முன்னால் இரண்டு பேர் மட்டும் இருந்தால் இறங்கும்போது முன்சக்கரம் முதலில் இடித்துவிடக்கூடும், அப்படி இடித்த விமானங்களில் என்ஜினுக்குப் பின்னாலுள்ள தகடு நசுங்கிச் சுருக்கம் விழுந்திருக்கலாம். மெக்கானிக் அதை முதலில் பார்க்கட்டும் (விற்பவரின் மெக்கானிக் அல்ல, நீங்கள் பிடித்த ஆள்). பெட்டிகளைப் பின்னால் வைத்தால் இந்தக் கனம் கொஞ்சம் சமனாகும். 1978 வரை வந்தவற்றில் டேங்க் என்பது ரப்பர் பை, அதன் மடிப்பில் தண்ணீர் ஒளிந்து நிற்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் தேய்மானத்தையும் விடாதீர்கள்.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான கூடுதல் தகுதி) இல்லாமல் திங்கள்கிழமை ஆபீஸுக்கு வந்துவிடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மேகம் தாழ்ந்தால் சிரஸும் 172-ம் ஒரே ஹோட்டலில்தான் நிற்கும். பட்ஜெட்டில் அந்தப் பயிற்சிக்கும் இரண்டு நல்ல இரைச்சல் குறைக்கும் ஹெட்செட்டுக்கும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு 182-ஐ வாடகைக்கு எடுத்து, பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு லப்பக் வரை போய்வாருங்கள். ஒரு வழியிலாவது மனைவி முன் சீட்டில் இருக்கட்டும், போகும்போதும் வரும்போதும் யார் எங்கே உட்காருவது என்பதைப் பயிற்சியாளரிடமே பேசிக்கொள்ளலாம். காலையில் போய் மதிய வெயிலில் திரும்புங்கள். இரண்டையும் பார்த்த பிறகும் மனைவி சரி என்றால் வாங்குங்கள்.