கையை உதறினால் என்ன?

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். வாரத்துக்கு 40 மணி நேரம் ஏபிஏ என்னும் நடத்தைப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் அது வேண்டாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: சகோதரி, நானே ஆறு வருடம் அந்தப் பயிற்சியைக் கொடுத்தவள். அதனால் என் பதிலில் குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு சிறுமி வந்தாள். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். ‘கை கீழே’ என்று சொல்லி, அவள் கைகளை மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். உதறாமல் இருந்தால் ஒரு மிட்டாய். மூன்று மாதத்தில் உதறுவது நின்றது. நோட்டில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதினேன். அப்புறம் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். அதை நிறுத்தவும் புதிதாக ஒரு இலக்கு எழுதினோம். கை உதறுவதுதான் அவளுக்கு ஆறுதல் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த 40 மணி நேரக் கணக்கு லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போல ஆகிவிட்டார்கள் என்றார். ஐக்யூவையும் சாதாரண வகுப்பில் சேர்ந்ததையும் வைத்துச் சொன்ன கணக்கு அது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் சில நேரம் தொடையில் அடியும் இருந்தன. இன்று பெரும்பாலான இடங்களில் அடி இல்லை, பரிசுதான். எதிர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: குழந்தையை மற்றவர்களைப் போலத் தெரிய வைப்பது யாருக்காக? நாள் முழுக்கத் தன்னை மறைத்து நடிப்பது பெரியவர்களையே ஓயவைத்துவிடுகிறது. இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய பயம்: பெரியவர் எது சொன்னாலும் மறுக்காமல் செய்யப் பழகிய குழந்தை, தப்பான ஆளிடமும் மறுக்காது.

‘எழுதத் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள், என் பிள்ளைக்குப் பேச்சே வரவில்லையே’ என்று நீங்கள் நினைக்கலாம். வாயால் பேசாமல் தட்டச்சு செய்தே இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு எதுவுமே கற்றுத்தர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உடுத்த, கழிப்பறை போக, படஅட்டையிலோ டேப்லெட்டிலோ ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். இந்த ‘வேண்டாம்’தான் முதலில். தலையை முட்டிக்கொண்டால் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் காது வலியா, பல் வலியா, சத்தம் தாங்கவில்லையா என்று பாருங்கள். பயிற்சி மையத்தில், ‘நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? அவன் அழுதால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் மகள் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. பார்க்கப் பழக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கண்ணைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது, பேச்சைக் கேட்டால் கண்ணைப் பார்க்க முடியாது என்று ஆட்டிசம் உள்ள பலர் சொல்கிறார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே பொம்மையைப் பார்த்தபடி பேசுங்கள்.